வானம் கறுத்தால் வயரைப் பிடுங்குகிறவர்

எங்கள் தீவின் ஜார்ஜ் டவுனில் நாங்கள் வேலை பார்த்த அந்த இந்தியர் தெருவில், மழை வருமா என்று அண்ணாந்து பார்க்கிற வழக்கமே ஒழிந்துபோயிருந்தது. கடையில் கார்டு மெஷின் செத்துவிட்டால் மழை வரப்போகிறது என்று பொருள். உடனே யாராவது ஒருவர் கடைக்கு முன்னாலிருக்கும் அஞ்சடி நடைபாதைக்கு வந்து, அடுத்த கடைக்குக் குரல் கொடுப்பார்.

"ஆஃப் அக்கா ஆஃப் பண்ணிட்டா லா!"

அந்த ஆஃப் அக்காவோடு நான் சில வருடம் வேலை பார்த்தேன். கடைகளுக்கு வைஃபை போட்டுத் தருவது எங்கள் தொழில். கம்பெனி என்று பலகை ஒன்று தொங்கியது. ஆட்கள் என்று எண்ணினால் அவரும் நானும்தான். கூரையேறி ஆன்டெனா கட்டுவது, வயர் இழுப்பது, வானம் கறுத்தால் இடிக்கு முன்னால் இழுத்த வயரைப் பிடுங்குவது எல்லாம் அவர். போனை எடுத்துத் திட்டு வாங்குவது நான். அவர் பிடுங்கிவிட்டு நிம்மதியாக உட்கார்ந்து, நுரை வர ஆற்றிய தே தாரிக் டீயைக் குடிப்பார். எனக்குக் காது பழுத்துவிடும்.

குள்ளமான உருவம். சுரிதாருக்கு மேலே ஆண்கள் போடும் முழுக்கைச் சட்டை, காலில் ரப்பர் அடி வைத்த கான்வாஸ் சப்பாத்து, நெஞ்சுக்குக் குறுக்கே ஒரு பை. பைக்குள் ஸ்குரூ டிரைவர், டேப், முறுக்குப் பொட்டலம். பாயான் பாரு அடுக்குமாடியிலிருந்து மோட்டார் சைக்கிளில் வருவார். அதற்கு முன்பு பல காலம் பக்கத்துத் தொழிற்பேட்டையில் ஆன்டெனா சோதிக்கும் பிரிவில் இருந்தார் என்று மட்டும் தெரியும். ஏன் விட்டார் என்று கேட்டதற்கு, "அங்க எல்லாரும் பரவால்ல பரவால்லன்னாங்க, வந்துட்டேன்" என்றார்.

அந்த ஒரு சொல்லை அவர் காதில் போடக் கூடாது. வாடிக்கையாளர் யாராவது "பரவால்ல லா அக்கா, போட்டு விடு" என்று சொல்லிவிட்டால் போதும், வேலையை அப்படியே நிறுத்திவிட்டு அந்த ஆளை ஏற இறங்கப் பார்ப்பார். "பரவால்லன்னு சொல்றவன் எவனும் கூரையில நிக்கிறவன் இல்ல" என்பார். பிறகுதான் கை அசையும். இந்த வாயால் நாங்கள் இழந்த வாடிக்கையாளர்கள் கொஞ்சப் பேரில்லை. எனக்கு அதில் வருத்தம் உண்டு என்று யாரும் நினைக்க வேண்டாம். அந்தப் பார்வையைப் பார்ப்பதற்காகவே நான் சம்பளம் குறைவாக வாங்கியிருப்பேன்.

நாசி கண்டார் சோற்றுக் கடை பாய் ஒருவர் இருந்தார். நல்ல மனிதர். புது ரவுட்டருக்கு எண்ணெய்ப் புகை பட்டுவிடக் கூடாதென்று, அது வந்த பிளாஸ்டிக் உறையோடு சேர்த்து இன்னொரு பிளாஸ்டிக் பையும் சுற்றி, ரப்பர் பேண்டு போட்டு, கறிப் பாத்திரங்களுக்கு மேலே தொங்கவிட்டிருந்தார். நம் ஆட்களுக்குப் புதுப் பொருள் எதுவானாலும் உறையைக் கழற்ற மனம் வராது. டிவி ரிமோட்டிலிருந்து சோபா வரைக்கும் அந்தக் கதைதான். அக்கா தொட்டுப் பார்த்தார். ரவுட்டர் கொதித்துக்கொண்டிருந்தது.

"நீங்க ஒரு நாள் இந்தப் பிளாஸ்டிக்குக்குள்ள நின்னு கறி ஊத்துங்க பாய். அப்பறம் இதுக்குப் போடலாம்."

பாய் வாய்விட்டுச் சிரித்தார். ரவுட்டர் அடுப்பையும் ஆவியையும் விட்டு முன்பக்கச் சுவருக்குப் போனது. அன்றிலிருந்து வெள்ளிக்கிழமை தோறும் எங்களுக்கு மீன் தலைக் கறியோடு சோற்றுப் பொட்டலம் வரும். எல்லோரும் பாயைப் போல இருந்திருந்தால் எங்கள் கம்பெனி இன்றைக்கு எங்கேயோ இருந்திருக்கும்.

ஆயுத பூஜைதான் அக்காவுக்கு வருடத்திலேயே மோசமான நாள். தெரு முழுக்கச் சந்தனம் கரைப்பார்கள். தராசு, கத்தரிக்கோல், கல்லாப்பெட்டி, கார்டு மெஷின் என்று ஒன்று விடாமல் பூசுவார்கள். ரவுட்டரையும் விடுவார்களா? அதுதான் இப்போது கடைக்கே உயிர் என்று அதற்குக் கூடுதலாகவே பூசுவார்கள். காற்றுப் போகிற ஓட்டைகளைச் சந்தனம் அடைத்துக்கொள்ளும். ஆன்டெனாவில் ஈரம் சொட்டச் சொட்ட மல்லிகைச் சரம். அதன் முன்னால் கற்பூரம் வேறு. யாரும் அழைக்காமலே அக்கா கடை கடையாகப் போய் ஈரத்துணியால் துடைப்பார். அச்சகக்காரர் வீட்டம்மா ஒரு முறை அழுதேவிட்டார். நல்ல நாளும் அதுவுமாகப் பொட்டை அழிக்கிறாளே, இவள் விளங்குவாளா என்று கேட்டார்.

அக்கா துணியை மடித்து வைத்துவிட்டு, "பொட்டு வைங்க, வேணாங்கல. மூக்குல வைக்காதீங்க" என்றார். பிறகு பையிலிருந்து மார்க்கர் பேனாவை எடுத்து, ரவுட்டரின் மூடியில் ஓட்டை இல்லாத இடமாகப் பார்த்து வட்டம் ஒன்று போட்டார். சந்தனம் அதற்குள்ளே, பூ பக்கத்துச் சுவரில் ஆணியடித்து. அடுத்த வருடத்திலிருந்து நாங்கள் மாட்டிய எல்லா ரவுட்டரிலும் அந்த வட்டம் இருந்தது. எந்த நாட்டுக் கம்பெனி தயாரித்ததாக இருந்தாலும் எங்கள் தெருவுக்கு வந்ததும் நெற்றி வைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

இதையெல்லாம் கேட்டால் அவர் எல்லாம் தெரிந்தவர் என்று தோன்றும். அவர் வாயில் அதிகம் வந்த சொல் 'தெரியாது' என்பதுதான். நகைக்கடைப் பெரியவருக்கு இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்திருந்தார்கள். அவருடைய மேசையில், சரியாக நெஞ்சுக்கு நேராக, ரவுட்டர் உட்கார்ந்திருந்தது. அக்கா அதைத் தூக்கிக் கையை முழுதாக நீட்டி, அந்தத் தூரத்துக்கும் அப்பால் அலமாரி மேல் வைத்தார். பெரியவர் பயந்துபோய், இத்தனை நாள் பக்கத்தில் இருந்ததே, ஏதாவது ஆகியிருக்குமா என்று கேட்டார்.

"தெரியாதுங்க. டாக்டருகிட்ட கேளுங்க. அவரு சொல்ற வரைக்கும் அது அங்க, நீங்க இங்க."

இதே வாயை அவர் மறுபக்கமும் காட்டினார். பாயான் பாருவில் அவருடைய அடுக்குமாடியில், மொட்டை மாடி ஆன்டெனாவால் நோய் வருகிறது என்று குடியிருப்பாளர்கள் கூட்டம் போட்டார்கள். இந்தத் துறையில் இருக்கிறவர், நீங்கள் எழுந்து இரண்டு வார்த்தை பேசுங்கள் என்று அக்காவை முன்னால் இழுத்துவிட்டார்கள். அவரும் எழுந்தார். நோய் வருகிறது என்று தனக்குத் தெரியாது, தெரியாததைச் சொல்ல மாட்டேன் என்றார். ஆனால் அளந்து பார்த்தவர்கள் இவ்வளவு தூரம் தள்ளி நில் என்று அறிவிப்பு ஒட்டியிருக்கும்போது, அந்த ஆன்டெனாவுக்கு முன்னாலேயே கொடி கட்டித் துணி காயப்போடுவது யார் வேலை, முதலில் மாடிக் கதவைப் பூட்டுங்கள் என்றார். கூட்டம் போட்டவர்களுக்கும் கோபம், துணி காயப்போட்டவர்களுக்கும் கோபம். அடுத்த நாள் அவருடைய மோட்டார் சைக்கிள் டயரில் காற்று இல்லை. தள்ளிக்கொண்டே போய்க் காற்றடித்து, வேலைக்கு வந்து சேர்ந்தார்.

இனி அந்தத் தீபாவளிக்கு வருகிறேன். இன்னமும் அதைச் சொல்லும்போது எனக்குக் கோபம் வருகிறது.

எங்கள் தெருவின் பெரிய ஆன்டெனா ஜவுளிக்கடைக் கூரையில் இருந்தது. அங்கே வந்து இறங்கும் இணைப்புதான் மற்ற எல்லாக் கடைகளுக்கும் பிரிந்து போகும். ஜவுளிக்கடை முதலாளிதான் தெரு வியாபாரிகளுக்குத் தலைவர். வருடா வருடம் எங்கள் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கிறவரும் அவரே. கெட்டவரில்லை. தீபாவளிக்கு எங்கள் இருவருக்கும் சேலை எடுத்துக் கொடுப்பார். ஒப்பந்தமோ தீபாவளி முடிந்த கையோடு புதுப்பிக்கப்படும். அந்தத் தெரு போய்விட்டால் எங்களுக்குச் சோறு இல்லை. அது அக்காவுக்கும் தெரியும், எனக்கும் தெரியும், முதலாளிக்கும் நன்றாகத் தெரியும்.

தீபாவளிக்கு முதல் நாள் பிற்பகல். தெருவில் காலை வைக்க இடமில்லை. கூட்டத்தில் யாருடைய போனிலும் டேட்டா நகரவில்லை. கடைகளில் பில் போடுவது, கார்டு தேய்ப்பது எல்லாம் எங்கள் வைஃபையை நம்பித்தான் ஓடிக்கொண்டிருந்தது. அப்போது கொடிமலைப் பக்கம் வானம் கறுத்தது. இடி இன்னும் கேட்கவில்லை. அக்கா கையிலிருந்த முறுக்கைப் பைக்குள் போட்டுவிட்டு ஜவுளிக்கடையின் பின்சந்துக்கு நடந்தார். நானும் பின்னாலேயே போனேன்.

ஆன்டெனாக் கம்பத்திலிருந்து பச்சை நிற எர்த் வயர் ஒன்று பின்சுவர் வழியாக இறங்கி, சந்தில் மண்ணுக்குள் அடித்த செப்புக் கம்பியில் சேரும். இடி இறங்கினால் கடைக்குள் புகாமல் மண்ணுக்குப் போக வழி அது. மழைக்காலத்தில் அந்த வயரைக் கீழிருந்து கைக்கெட்டும் உயரம் வரை தடவிப் பார்ப்பது அக்காவின் வழக்கம். கண்ணால் பார்த்தால் போதாதா என்று நான் கேலி செய்வேன். அன்றைக்குத் தடவ வயரே இல்லை. தீபாவளிக்காகச் சுவருக்குப் பளபளவென்று மாம்பழ மஞ்சள் பூசியிருந்தார்கள். புதுச் சுவரில் பச்சை வயர் அசிங்கமாக இருக்கிறதென்று பெயிண்டர் மேலேயே வெட்டி, அழகாகச் சுருட்டி, ஆணியில் மாட்டிவிட்டுப் போயிருந்தார். மனுஷன் நல்லதைத்தான் செய்திருக்கிறார்.

அக்கா அண்ணாந்து பார்த்தார். கூரையில் அலங்கார விளக்குக்காரர் ஒருவர், தெருவுக்குக் குறுக்கே போகும் விளக்குச் சரத்தின் நுனியை எங்கள் ஆன்டெனாக் கம்பத்தில் இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தார். அதைவிட உயரமாக அங்கே வேறொன்றும் இல்லை அல்லவா.

"அண்ணே, எறங்குங்க. இப்பவே."

"அஞ்சு நிமிசம் லா அக்கா. முடிஞ்சிரும்."

"மேலேர்ந்து வர்ற இடிக்கு உங்க அஞ்சு நிமிசம் தெரியாது. எறங்குங்க."

முணுமுணுத்துக்கொண்டே அவர் இறங்கினார். அக்கா கடைக்குள் நுழைந்து, சேலைக் கூட்டத்தை விலக்கிக்கொண்டு கல்லாவுக்குப் பின்னால் போய், அடாப்டரையும் கூரையிலிருந்து வரும் கேபிளையும் பிடுங்கினார். இரண்டையும் பிடுங்க வேண்டும். கரண்டை மட்டும் நிறுத்தினால் இடி கேபிள் வழியாக வருமாம். அடாப்டரைப் பைக்குள் போட்டுக்கொண்டு, கூரைக்குப் போகும் மாடிப்படியின் முதல் படியில் உட்கார்ந்தார்.

கணத்தில் தெரு கொந்தளித்தது. என் போன் அலற ஆரம்பித்தது. மழையே வரவில்லை, இடியே இல்லை, இவளுக்கு என்ன பைத்தியமா என்று ஒவ்வொரு கடையும் கேட்டது. முதலாளி விசிறி மடிப்பு வேட்டியோடு வந்து நின்றார். பின்னால் பணம் கட்ட முடியாத கூட்டம், ஒவ்வொருவர் கையிலும் சேலை.

அக்கா நிதானமாகவே சொன்னார். எர்த் வயர் வெட்டப்பட்டிருக்கிறது. அது இருந்திருந்தால் இடி நெருங்கும் வரைக்கும் ஓடவிட்டிருப்பேன். இப்போது அது இல்லை. சேர்க்கலாம், ஆனால் வானம் இப்படி இருக்கும்போது அந்த வயரை எவரும் தொடக் கூடாது. மழை போனதும் சேர்த்துப் போட்டுத் தருகிறேன்.

"போன வருசமெல்லாம் இடி இடிக்கல? என்ன ஆச்சு? பரவால்ல, போடும்மா" என்றார் முதலாளி.

அந்தச் சொல். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

அக்கா அவரை ஏற இறங்கப் பார்த்தார். "போட மாட்டேன் அண்ணே."

"எது நடந்தாலும் எம் பொறுப்பு. எழுதித் தர்றேன், போதுமா?"

"எழுதிக் குடுங்க. இடி வந்தா யாரு போயி அதுகிட்டக் காட்டுறது?"

கூட்டத்தில் ஒரு பெண் சிரித்துவிட்டார். முதலாளிக்கு முகம் சிவந்தது. அடுத்த வருடம் இந்தத் தெருவில் உனக்கு வேலை இல்லை என்றார். குரலை உயர்த்தவில்லை, அதனால்தான் அவர் மெய்யாகவே சொல்கிறார் என்று எனக்குப் புரிந்தது.

"அடுத்த வருசம் வேற ஆளப் பாருங்க அண்ணே. இன்னிக்கு இது ஓடாது. கடையில இத்தன பேரு நிக்கிறாங்க."

என் போன் மறுபடி அடித்தது. நான் அதை அணைத்துப் பையில் போட்டுவிட்டு, அக்கா பக்கத்தில் படியில் உட்கார்ந்தேன். படி குறுகல். இரண்டு பேர் உட்கார்ந்தால் யாராலும் தாண்டிக் கூரைக்குப் போக முடியாது. அவர் முறுக்குப் பொட்டலத்தை என் பக்கம் நகர்த்தினார். பயமாகத்தான் இருந்தது. ஆனாலும் வாழ்நாளில் அவ்வளவு திமிராக நான் எங்கேயும் உட்கார்ந்ததில்லை.

மழை கொட்டியது. இடி இடித்தது. கடைக் கண்ணாடியெல்லாம் அதிர்ந்தது. பிறகு இடி மெல்ல மெல்லக் கடலைத் தாண்டிப் பட்டர்வொர்த் பக்கம் நகர்ந்தது. எங்கள் தெருவில் எதன் மேலும் விழவில்லை. பக்கத்துத் தெருவில் இன்னொரு கம்பெனியின் இணைப்பு முழு மழையிலும் ஓடியதாம். அங்கேயும் எதுவும் விழவில்லை. மழை விட்டதும் முதலாளி திரும்பவும் வந்தார்.

"பாத்தியாம்மா? ஒண்ணும் ஆகல."

"ஆமாண்ணே" என்றார் அக்கா, அவ்வளவு சந்தோஷமாக. "ஒண்ணும் ஆகல."

எல்லோரும் அவரைத் தோற்றவராகப் பார்த்தார்கள். எனக்கு அந்த இடத்தில்தான் பற்றிக்கொண்டு வருகிறது. இடி விழுந்து கடை எரிந்து, ஆள் செத்திருந்தால் அவரைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடியிருப்பார்கள். விழவில்லை என்பதால் பைத்தியக்காரி ஆனார். அவர் செய்த வேலையே ஒன்றும் ஆகாமல் பார்த்துக்கொள்வதுதான். அதற்குச் சாட்சிக்கு ஒரு பொசுங்கிய வயரைக்கூட அவரால் காட்ட முடியாது. அவர் அதைப் பற்றிக் கவலைப்படவும் இல்லை. பின்சந்துக்குப் போய், புது மஞ்சள் சுவரில் பச்சை வயரை இழுத்துச் சேர்த்து இறுக்கி, இணைப்பைப் போட்டுக் கொடுத்துவிட்டு மோட்டார் சைக்கிளை எடுத்தார். அந்த வருடம் எங்களுக்குச் சேலை வரவில்லை.

சொன்னபடியே தெரு எங்கள் கையை விட்டுப் போனது. வேறு கம்பெனி வந்தது. நாங்கள் பாயான் பாருவில் வீடுகளுக்கு வைஃபை மாட்டிக் காலத்தை ஓட்டினோம். சில காலம் கழித்துப் பலகையைக் கழற்றிவிட்டோம். அக்கா நிபோங் திபாலுக்குத் தங்கை வீட்டோடு போய்விட்டார். அதற்கு முன்பு, தெரு போன அடுத்த தீபாவளிக்கு, சாமான் வாங்க இருவரும் அந்தத் தெருவுக்குப் போனோம். வேண்டாம் என்று நான்தான் சொன்னேன். நாம என்ன திருடிட்டா போனோம் என்று கேட்டு முன்னால் நடந்தார்.

எனக்குத் தெரியும், அவர் நேரே பின்சந்துக்குத்தான் போவார் என்று. போனார். அந்த வருடம் சுவருக்கு வெளிர்நீலம். பச்சை வயரைக் காணவில்லை. அக்கா சுவரோடு கையை வைத்துத் தடவினார். கை ஓரிடத்தில் நின்றது, பிறகு மேலே போனது. வயர் இருந்தது. செப்புக் கம்பியிலிருந்து கூரை வரை ஓரிடத்திலும் வெட்டாமல், சுவரோடு சுவராக அதற்கும் நீலம் அடித்திருந்தார்கள். பெயிண்ட் முழுதாகக் காயவில்லை. அக்காவின் உள்ளங்கையில் நீலக்கோடு ஒட்டியிருந்தது. அதைத் துடைக்காமல் பையை மாட்டிக்கொண்டார்.

முன்பக்கம் வந்து வளையல் கடையில் நுழைந்தோம். நான் கண்ணாடி வளையல் எடுத்துக் கார்டை நீட்டினேன். கடைக்காரம்மா தேய்த்தார், மறுபடி தேய்த்தார். மெஷின் செத்துவிட்டது. வெளியே எட்டிப் பார்த்தேன். கொடிமலைப் பக்கம் வானம் கறுத்திருந்தது. இடி இன்னும் கேட்கவில்லை. எதிரே ஜவுளிக்கடை வாசலில், விசிறி மடிப்பு வேட்டியோடு, முதலாளி மலையைப் பார்த்தபடி நின்றார். அவர் கையில் ஓர் அடாப்டர் தொங்கிக்கொண்டிருந்தது.

கடைக்காரம்மா தலையைக்கூடத் தூக்காமல் அடுத்த கடைக்குக் குரல் கொடுத்தார்.

"ஆஃப் அக்கா ஆஃப் பண்ணிட்டா லா!"

அக்கா எனக்குப் பின்னால், இரண்டு கையிலும் சாமான் பையோடு நின்றுகொண்டிருந்தார்.

"ரொக்கமாக் குடுத்துட்டு வா" என்றார். "மழை வருது."